இளம் ஆராய்ச்சி மாணாக்கருக்கு வழிகாட்டுதல்

இன்றைய இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர் அன்னா மணி. சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்ற அவர், 1940 முதல் பெங்களூரில் சர் சி. வி. இராமனின் சோதனைச்சாலையில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்தலை ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். எனினும், முதுநிலைப் பட்டம் பெறாமையால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளிக்கவில்லை. 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்த அவர், வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்வதற்கு வழிவகுத்தார்.

அவரிடம் திறமை குறைவுபடவில்லை, விதியே தடையாயிற்று. இத்தகைய தடைகளை முன்னரே அறிந்து விலக்க முயல்வது வழிகாட்டியின் கடமையாகும்.

சின்னக்கானலின் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் முதுவர் குடிகளிலிருந்தும் ஆய்வுக்கு வரும் இளங்கலை மாணாக்கர் திறத்தில் ஆசிரியரும் களப்பணியாளரும் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் நலம்:

1. பட்டம், உதவித்தொகை பற்றிய விதிகளை முதல் நாளிலேயே விளக்குக.

2. காட்டு யானைகள் நடமாடும் பகுதியாதலின், இருட்டுமுன் யாவரும் வீடு திரும்பும்படி வேலை நேரத்தை அமைக்க.

3. அளவெடுத்தலோடு கருவியைக் கையாளுதலையும் முடிவெழுதுதலையும் அனைவருக்கும் முறைவைத்து அளிக்க.

4. தாவரங்களை இனங்காட்டியவர் பெயரையும் குறிப்பேட்டில் பதிக.

5. வினவத் தயங்குவோரிடம் தனியே உரையாடுக.