பவுடர் கோட்டிங்: மோட்டார் சைக்கிள் பிரேமைக் கொடுக்குமுன் தெரிந்துகொள்வோம்

எமது தோட்டங்களில் இப்போது அநேகமாக ஒவ்வொரு லயத்துக்கு முன்னாலும் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. சீட்டுப் பிடித்து வாங்கியது, லீசிங்கில் எடுத்தது, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை அனுப்பிய காசில் வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய சைக்கிள்களின் விலை ஏறியது. புதிதாக வாங்க முடியாதவர்கள் இருப்பதையே புதுப்பித்து ஓட்டப் பழகினார்கள். அப்படிப் புதுப்பிக்கும்போது கராஜில் சொல்லும் வார்த்தைதான் "பவுடர் கோட்டிங்". சாதாரண பெயின்ட்டை விடக் காசு கூட. அந்தக் காசுக்கு எமக்குக் கிடைப்பது என்ன, எங்கே ஏமாறலாம் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மலைநாட்டில் இரும்புக்குப் பகை மழையும் மூடுபனியும் மட்டுமல்ல. சைக்கிளின் பின்னால் கட்டி ஏற்றும் உர மூட்டையும்தான். சல்பேட் ஒஃப் அமோனியா போன்ற உரம் ஈரத்தோடு இரும்பில் பட்டால் துருவை விரைவாக்கும். பிரேமின் அடிப்பக்கம், பின் சில்லைத் தாங்கும் சுவிங் ஆம், கால் வைக்கும் கம்பி பொருத்திய இடம் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். பெயின்ட் பொருக்காக எழும்பி, கீழே கறள் பொடிப்பொடியாக வரும்.

பவுடர் கோட்டிங் என்பது தின்னர் கலந்து அடிக்கும் பெயின்ட் அல்ல. அது காய்ந்த தூள். பிசினும் வர்ணமும் இறுக வைக்கும் மருந்தும் சேர்த்து உருக்கி, ஆற வைத்து, மாப்போல அரைத்து எடுக்கிறார்கள். இந்தத் தூள் இரும்பில் எப்படி ஒட்டும்? தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். சலிக்கும் பகுதியில் நார் பிரிக்கும் மெசினைப் பார்த்திருப்பீர்கள். அதன் உருளைகள் துணியில் உரசி மின்னேற்றம் பெறுகின்றன. தேயிலைக்கு மேலே அவை சுற்றும்போது நாரும் காம்பும் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும், தேயிலை கீழே போய்விடும். பவுடர் கோட்டிங்கிலும் அதே சங்கதிதான். தூள் அடிக்கும் துப்பாக்கி, தூளுக்குப் பல்லாயிரம் வோல்ட் அளவில் மின்னேற்றம் கொடுக்கிறது. பிரேமை நிலத்தோடு வயர் போட்டு இணைத்து, அதாவது எர்த் செய்து, தொங்க விடுகிறார்கள். தூள் தானாகவே பிரேமைத் தேடிப்போய்ப் படிகிறது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. கீழிருந்து காற்று ஊதி, தேயிலையைத் தண்ணீர் போல மிதக்க வைத்துக் காய வைக்கும் டிரையரும் எமக்குத் தெரிந்ததே. 1950களில் ஜெர்மனியில் எர்வின் ஜெம்மர் என்பவர் பிளாஸ்டிக் தூளை இப்படியே காற்றில் மிதக்கவிட்டு, சூடாக்கிய இரும்பை அதற்குள் அமிழ்த்திப் பூச்சுப் பூசினார். துப்பாக்கியால் அடிக்கும் முறை அதற்குப் பின்பு வந்தது.

தூள் படிந்த பிரேமைப் பெரிய அவணுக்குள் வைக்கிறார்கள். இரும்பு 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடேறி, 10 முதல் 20 நிமிடம் அந்தச் சூட்டிலேயே நிற்க வேண்டும். எமது டிரையருக்குள் போகும் காற்றின் சூட்டை விட இது மிகவும் கூட. தூள் உருகி ஓடி, பிறகு இறுகித் தோலாகிவிடும். திரும்பச் சூடாக்கினாலும் உருகாது. இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அவணின் காற்று 200 பாகை என்பதும் இரும்பு 200 பாகை என்பதும் ஒன்றல்ல. பிரேமின் தலைப்பகுதி தடித்த இரும்பு. அது சூடேற நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் பார்வைக்குப் பளபளன்னு இருக்கும், ஆனால் ஒரு கல் பட்டாலே சில்லாக உடைந்து விழும்.

இனி முக்கியமான பகுதி. தூள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், துருவுக்கு மேலே அடித்தால் காசு போனதுதான். துரு உள்ளேயே வளர்ந்து, பூச்சை ஒரு தாளைப்போல உரித்துத் தள்ளிவிடும். ஆகவே பழைய பெயின்ட், துரு எல்லாவற்றையும் வெறும் இரும்பு தெரியும்வரை எடுக்க வேண்டும். காற்றழுத்தத்தில் துகள் அடித்துத்தான் இதைச் செய்கிறார்கள். அதன்பின் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, பொஸ்பேற் கரைசலால் துடைத்து, ஈரம் இல்லாமல் காய வைத்து, தாமதமின்றித் தூள் அடிக்க வேண்டும். எமது காலநிலையில் வெறும் இரும்பை ஒரு இரவு வெளியே விட்டாலே சிவந்துவிடும்.

பிரேம் வெறும் இரும்பாக நிற்கும் அந்த நேரம் விலைமதிப்பானது. முடிந்தால் அன்றைக்கு நேரில் போய்ப் பாருங்கள். ஹேண்டில் பொருந்தும் தலைப்பகுதி, என்ஜின் பிடிக்கும் இடங்கள், சுவிங் ஆம் பொருந்தும் இடம், ஷொக் அப்சோபர் மாட்டும் காது ஆகியவற்றில் மயிரிழை போல வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இருந்தால் நல்ல வெல்டிங் பாஸ் ஒருவரிடம் ஒட்டி, பிரேம் நேராக இருக்கிறதா என்று அளந்த பிறகுதான் தூள் அடிக்க வேண்டும். பூச்சு தடிப்பானது, வெடிப்பை அழகாக மூடிவிடும். இறக்கத்தில் பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வரும்போது பிரேம் விட்டுப் போனால் அந்த அழகால் என்ன பயன்? பூசிய பிறகு வெல்டிங் செய்தால் அந்த இடத்துப் பூச்சு எரிந்து போகும், வேலையும் இரட்டிப்பாகும்.

செசி இலக்கத்தை மறக்க வேண்டாம். பிரேமில் அடித்திருக்கும் அந்த இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கமும் ஒத்திருக்க வேண்டும். கண்டபடி துகள் அடித்தால் எழுத்து மழுங்கும், தடிப்பாகத் தூள் படிந்தால் எழுத்து மூடிப்போகும். கொடுக்குமுன் இலக்கத்தின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுங்கள், போனில் படமும் எடுங்கள். அந்த இடத்தைச் சூடு தாங்கும் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். வேறு வர்ணத்துக்கு மாற்றுவதாயின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலே விசாரிப்பது நல்லது. பாதையில் பொலிஸ் மறிக்கும்போது விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பது அரைநாள் சம்பளத்துக்குச் சமம்.

பெயாரிங், ரப்பர் புஷ், வயர் எல்லாவற்றையும் கழற்றியே கொடுக்க வேண்டும். ஆணி முறுக்கும் ஓட்டைகளுக்கு சிலிக்கோன் அடைப்பான் போட வேண்டும், இல்லாவிட்டால் தூள் உள்ளே இறுகி ஆணி ஏறாது. பட்டி போட்டு நிரப்பிய இடம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சாதாரண பட்டி அந்தச் சூட்டைத் தாங்காது. எந்தத் தூள் என்றும் கேளுங்கள். எபொக்சித் தூள் துருவை நன்றாகத் தடுக்கும், ஆனால் வெயிலில் வெளிறி மாப்பூக்கும். வெளியே நிற்கும் சைக்கிளுக்கு மேல்பூச்சு பொலியெஸ்டராக இருக்க வேண்டும். கீழே எபொக்சி, மேலே பொலியெஸ்டர் என்று இரண்டு பூச்சு போட்டால் மிக நல்லது. இரண்டு குழாய் சேரும் மூலைகளையும் பாருங்கள். மின்சாரம் விளிம்புகளுக்கே தூளை இழுப்பதால் உள்மூலைகளில் குறைவாகத்தான் படியும்.

சில இளைஞர்கள் "வீட்டிலேயே செய்யலாமே" என்று கேட்கிறார்கள். வேண்டாம். சமையல் அவணில் இதைச் செய்தால் அந்த அவணில் பிறகு உணவு சமைக்கக் கூடாது. காற்றில் நிறையப் பறக்கும் தூள் ஒரு பொறி பட்டால் வெடிக்கும். ஷொக் அப்சோபரை எண்ணெயோடு சூடாக்கினாலும் வெடிக்கும். பெற்றோல் டாங்கி காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். அதைச் சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டு போகவே கூடாது.

இந்தத் தொழிலுக்கு வேலைக்குப் போகும் எமது பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஆற்று மணலை அடித்துத் துரு எடுக்கும் இடமாக இருந்தால் கவனம். மணலில் உள்ள சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நோயைத் தரும். அதைக் குணமாக்க மருந்து இல்லை. மூக்கில் கைலேஞ்சி கட்டுவது பாதுகாப்பு ஆகாது. கார்னெட், அலுமினியம் ஒக்சைட், உருக்குத் துகள் போன்றவை பாவிக்கும் இடமா, காற்று வரும் தலைக்கவசம் கொடுக்கிறார்களா என்று சேருமுன் கேளுங்கள்.

பிரேம் திரும்பி வந்ததும் என்ஜின் எர்த் வயர் பிடிக்கும் இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டி இரும்பு தெரிய விடுங்கள். இல்லாவிட்டால் லைட்டும் ஹோனும் ஒழுங்காக வேலை செய்யாது. "கோட்டிங்கில் ஏதோ பிழை" என்று பாஸோடு சண்டை பிடிக்க வேண்டி வரும். பிறகு எங்காவது கல் பட்டுச் சிறு துண்டு கழன்றால் அன்றைக்கே துடைத்து, தூரிகையால் கொஞ்சம் பெயின்ட் தொட்டு வையுங்கள். உர மூட்டை ஏற்றிய நாளில் வீட்டுக்கு வந்தவுடன் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.