பட்ட மரத்தில் முளைக்கும் மஞ்சள் கரண்டி



மழை பெய்து ஓய்ந்த மறுநாள், தோட்டத்தில் விழுந்து கிடக்கும் பழைய மரக்கட்டைகளை உற்று நோக்குங்கள். சில கட்டைகளின் வெடிப்புகளிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு நாக்குகள் வரிசையாக நீண்டிருக்கும். தொட்டால் அகார் அகார் போலக் குழைவாக இருக்கும். பூவோ, பிசினோ என ஐயம் எழும். இரண்டும் அல்ல, அது காளான். அதனை இனங்காணும் முறையை இப்பாடத்தில் கற்போம்.

நான்கு வினாக்கள்

நிறத்தை மட்டும் கண்டு ஒரு காளானுக்குப் பெயர் கூறுதல் கூடாது. நான்கு வினாக்களை வரிசையாக எழுப்புதல் வேண்டும்.

1. எதன்மேல் வளர்கிறது? நாம் கூறும் காளான் மண்ணில் முளைப்பதன்று. மட்கும் மரத்தில் வளர்வது. பழைய வேலிக்கம்பிலும் பலகையிலும்கூடத் தோன்றும்.

2. வடிவமும் அளவும் யாவை? அடி குறுகி, நுனி கரண்டிபோல் அகன்றிருக்கும். உயரம் ஏறத்தாழ 1 முதல் 2 சென்டிமீட்டர்.

3. காய்ந்தால் என்னாகும்? வெயிலில் சுருங்கிக் கெட்டியாகி நிறம் மங்கும். மழை பட்டதும் நீரை உறிஞ்சி மீண்டும் உப்பும்.

4. நுண்ணோக்காடியில் எவ்வாறு தோன்றும்? வித்துத் துகள்களைத் தாங்கும் நுண்ணுறுப்பு, கவட்டைக் கம்புபோல் இரண்டாகப் பிரிந்திருக்கும். இஃது இக்குடும்பத்தின் சிறப்படையாளமாகும்.

இந்நான்கும் பொருந்தினால் அதனை 'டாக்ரியோபினாக்ஸ் ஸ்பாத்துலேரியா' எனக் கொள்ளலாம். 1822இல் ஷ்வைனிட்ஸ் என்னும் அறிஞர் விவரித்த இக்காளானுக்கு, 1948இல் மார்ட்டின் என்பவர் இப்பெயரை அமைத்தார். பெயரின் பிற்பகுதி கரண்டி வடிவத்தைக் குறிப்பதாகும்.

ஒத்த காளான்கள்

பழுப்பு நிறத்தில் காதுமடல்போல் வளர்வதை மலாய்க்காரர் 'செண்டாவான் தெலிங்கா கெரா', அதாவது குரங்குக் காதுக் காளான் என்பர். சீனர் மளிகைக் கடைகளில் உலர்த்தி விற்கப்படுவது இவ்வினமே. வெண்ணிற இதழ்க்கொத்துப் போன்றது வெள்ளிக் காது. இவ்விரண்டும் குழைவானவையே, ஆயினும் வடிவம் வேறு. ரப்பர்க் கட்டையில் வளரும் 'செண்டாவான் குக்குர்' தோல்போல் உறுதியானது; அடியில் மடிப்புகள் உடையது. அது குழைவுக் காளான் அன்று.

நம் மாநிலத்தில் ஓர் ஆராய்ச்சியாளர்

1929 முதல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய கார்னர், நம் ஜொகூர்க் காடுகளில் மரங்களையும் காளான்களையும் தேடி ஆராய்ந்தார். உயரமான கிளைகளைப் பறித்துப்போடக் குரங்குகளைப் பழக்கினார். தென் ஜொகூர்ச் சதுப்புக் காடுகளைப் பற்றிய அவருடைய நூல் 1978இல் வெளிவந்தது. பெரிய ஆராய்ச்சிக்கும் கூர்ந்து காணும் கண்ணே முதற்கருவி. அக்கருவி தோட்டத்துப் பிள்ளைகளாகிய உங்களிடமும் உண்டு.

பெற்றோர் கவனத்திற்கு

இக்காளான் சீனர் சமையலில் பயன்படுவதுண்டு. எனினும், பெயர் தெரிந்துவிட்டது என்பதற்காகப் பறித்து உண்ணத் துணிதல் ஆகாது. களைக்கொல்லி தெளிக்கும் இடத்தில் வளர்ந்தவற்றை அறவே தவிர்த்தல் வேண்டும். பூச்சி தின்ற காளான் நஞ்சற்றது, வெள்ளிக் கரண்டியைக் கறுக்கச் செய்யாதது நல்லது என்பன போன்ற நம்பிக்கைகள் மெய்யல்ல. சில காளான்களின் கொடிய நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. அவற்றை உண்டவருக்கு 6 மணி நேரத்திற்குப் பின்னரே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கலாம். ஆதலால், பிள்ளைகள் ஏதேனும் காட்டுக் காளானை உண்டுவிட்டதாக அறிந்தால், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எஞ்சிய காளான் துண்டையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

பயிற்சி

மாணவர்களே! கண்ட காளானைப் பிடுங்காமல் அங்கேயே படம் வரையுங்கள். நாள், இடம், மரத்தின் பெயர், நிறம், வடிவம், அளவு ஆகியவற்றைக் குறியுங்கள். மூன்று நாள் கழித்து மீண்டும் பார்த்து, மாற்றத்தை எழுதுங்கள். தொட்டிருந்தால் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். பட்டுப்போன கட்டையைச் சிறிது சிறிதாக மண்ணாக்கும் இச்சிற்றுயிரின் தொண்டினை உங்கள் குறிப்பேடே உங்களுக்குக் கற்பிக்கும்.