ஏலமலையும் உயிரணு நூலும்

போடிநாயக்கனூரை ஏலமணம் கமழும் நகர் என்பர். மேற்கே போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சரிவில், மரநிழலில் வளரும் ஏலச்செடியை உற்று நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. கிழங்கும் இலையும் பூவும் விதையும் ஒரு செடியின் உறுப்புக்களே. அங்ஙனமாக, வணிகர் விலை கூறும் நறுமணம் விதையில் மிகுந்து நிற்பது யாங்ஙனம்?

உயிரணு நூலார் இதற்கு விடை பகர்வர். செடியின் உயிரணுக்களில் குரோமோசோம்கள் உள. அவற்றில் மரபணுக்கள் அமைந்துள்ளன. இலைக்கும், மணவெண்ணெய் பொதிந்த விதையுறைக்கும் மரபணுத் தொகுதி ஒன்றே. ஆயினும் எல்லா மரபணுக்களும் எல்லாவிடத்தும் ஒருங்கே தொழிற்படுவதில்லை. வேண்டுமிடத்து வேண்டும் மரபணுவின் செய்தி ஆர்.என்.ஏ. எனப் படியெடுக்கப்பெற்று, அதன்வழிப் புரதம் உண்டாகும். அத்தகைய புரதங்களே எண்ணெயை விளைவிப்பன. இதனை மரபணு வெளிப்பாடு என்ப. அகராதி ஒன்றேயாயினும், வெண்பா பாடுவோன் எடுக்கும் சொல் வேறு. வழக்குரைப்போன் எடுக்கும் சொல் வேறு அன்றோ?

இவ்வறிவு வளர்தற்கு முன்னர், குரோமோசோம்களைப் பொறுமையுடன் எண்ணி ஆராய்ந்தார் பலர். நம் நாட்டில் அவருள் தலைசிறந்தவர் ஜானகி அம்மாள். 1897-இல் தலச்சேரியில் பிறந்த இவ்வம்மையார், சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்தார். அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு ஆய்வு நிலையத்தில் கரும்பையும் அதன் காட்டுச் சுற்றமாகிய நாணலையும் ஆராய்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்னும் அறிஞருடன் கூடிப் பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945-இல் நூலாக்கினார். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் உலகிற்குப் புலனானதோ 1953-இல்தான்.

நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் மீண்டு, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைத்தார். எண்பது அகவை கடந்தும் ஓய்ந்தாரல்லர். கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட எண்ணியபோது, அதனை எதிர்த்து, அக்காட்டுச் செடிகளின் குரோமோசோம்களை ஆராய முனைந்தார். 1984 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று.

அக்காடு நிற்கும் மேற்குமலைத் தொடரே ஏலத்திற்கும் தாயகம். தோட்டத்து ஏலம் கட்டே நோயால் நலியுங்கால், அந்நோயைத் தாங்கும் இயல்பைத் தேடி அறிஞர் காட்டு ஏலத்தையும் நாடுவர். காடழியின் அவ்வியல்பும் உடன் அழியும். தமிழ் பயில்வார்க்கு இவ்விழப்பு விளங்காததன்று. படியெடாத சுவடி செல்லரித்தபின், அதிலிருந்த பாட்டை எவரே மீட்க வல்லார்? சாமிநாதையர் சுவடி தேடி ஊர்தோறும் நடந்தார். ஜானகி அம்மாள் செடி தேடிக் காடுதோறும் நடந்தார். ஏலமலை அடிவாரத்தில் பிறந்த மாணவ மாணவியருள் ஒருவரேனும் அவ்வழியிற் செல்வாராயின், அம்மலைக்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதி தீர்ந்ததாகும்.