மார்ப்பதக்கத்தின் சுகந்தியும் கடையில் விற்கும் மாதக் கல்லும்

வேதபாடம். வாசிக்கவேண்டிய பகுதி: யாத்திராகமம் 28:15-30, வெளிப்படுத்தின விசேஷம் 21:19,20.



ராசிக்கல் மோதிரத்தை நம்மில் அநேகர் ரட்சிக்கப்பட்ட நாளிலேயே கழற்றிவிட்டோம். பலர் நகையே அணிவதில்லை. ஆனால் அதே கல் இப்போது வேறே வாசல் வழியாய் உள்ளே வருகிறது. "இது ஜாதகக் கல் இல்லைங்க, பிறந்த மாதக் கல். உங்க பைபிள்லயே இருக்கு. ஆரோன் நெஞ்சுல போட்டிருந்த பன்னிரண்டு கல்லுதான் இது" என்று சொல்லி விற்கிறார்கள். மகளுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது, மகனுக்கு வேலை அமையவில்லை என்கிற வீட்டில் இந்தப் பேச்சு சீக்கிரம் எடுபடும். கடன் வாங்கியாவது ஒன்றை வாங்கிவிடுவார்கள். ஆகவே அந்தக் கற்கள் எவை, மாதக் கணக்கு அவற்றின்மேல் எப்படி ஏறிற்று என்று நிதானமாய்ப் பார்ப்போம். பன்னிரண்டையும் ஆராய இடம் போதாது. சுகந்தி என்கிற ஒரு கல்லைப் பிடித்துக்கொள்வோம்.

சுகந்தி மார்ப்பதக்கத்தின் மூன்றாம் பத்தியில் கடைசிக் கல் (யாத். 28:19, 39:12). புதிய எருசலேமின் அஸ்திபாரங்களிலும் அதுவே பன்னிரண்டாவது. எபிரெயுவில் அக்லாமா, கிரேக்கில் அமெதுஸ்தோஸ். கடைக்காரர் இதை அமெதிஸ்ட் என்பார். செவ்வந்திக்கல் என்றும் சொல்வதுண்டு. ஊதா நிறக் கல். உள்ளே பார்த்தால் இது குவார்ட்ஸ், அதாவது படிகக்கல். வெள்ளைப் படிகமும் இதுவும் ஒரே ஜாதி. பாறைக்குள் உருவாகும்போது கொஞ்சம் இரும்பு கலந்துவிடுகிறது. பிறகு அக்கம்பக்கத்துப் பாறையிலிருந்து வரும் இயற்கைக் கதிர்வீச்சு வெகுகாலம் படப்பட அந்த இரும்பு ஊதா நிறம் கொடுக்கிறது. அவ்வளவுதான் விஷயம். நாள்கணக்காய் வெயிலில் போட்டுவைத்தால் நிறம் மங்கியும் போகும்.

வனாந்தரத்தில் அலைந்த ஜனங்களுக்கு இது எங்கே கிடைத்தது? மார்ப்பதக்கத்துக்கு வேண்டிய கற்களைப் பிரபுக்கள் கொண்டுவந்தார்கள் என்று யாத்திராகமம் 35:27 சொல்கிறது. அவர்கள் புறப்பட்டு வந்த எகிப்தில் இந்தக் கல் பழைய சரக்கு. அஸ்வான் நகருக்குத் தென்கிழக்கே வாதி எல்-ஹூதி என்கிற பாலைவனப் பள்ளத்தாக்கில், கி.மு. 2000-ஐ ஒட்டிய காலத்திலேயே ராஜாக்கள் ஆட்களை அனுப்பி இதை வெட்டி எடுத்தார்கள். அங்கே பாறைகளில் செதுக்கிய எழுத்துக்கள் இன்றும் இருக்கின்றன. நம் பக்கமும் இது புதிதல்ல. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தபோது, 2000 வருஷத்துக்கு முந்தின மணிப் பட்டறைகளின் மிச்சங்களில் இந்த ஊதாக் கல்லும் கிடைத்தது.

இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். பன்னிரண்டு கல்லிலும் கோத்திரங்களின் நாமங்கள் முத்திரை வெட்டாக வெட்டப்பட்டிருந்தன (யாத். 28:21). பழைய காலத்து முத்திரை வெட்டுகிறவர்கள் குவார்ட்ஸ் ஜாதிக் கற்களில் எழுத்து வெட்டினார்கள். மோஸ் அளவில் அவற்றின் கடினம் 7. வைரத்துக்கு 10, இன்றைய நீலக்கல்லுக்கு 9. வைரத்தில் பெயர் வெட்ட அந்தக் காலத்தில் ஆயுதம் கிடையாது. ஆகவே தமிழ் வேதாகமத்தில் வச்சிரம் என்று இருப்பதை நகைக்கடை வைரமாகவே எடுத்துக்கொள்ள முடியாது. இந்திரநீலம் என்பதும் பெரும்பாலும் லாப்பிஸ் லசூலி என்னும் கருநீலக் கல். ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலையில் ஆயிரக்கணக்கான வருஷமாய் வெட்டப்படுவது. அதில் பொன்பொடி தூவினாற்போல் மஞ்சள் புள்ளிகள் மின்னும். யோபு 28:6-ல் இந்திரநீலத்தோடு பொற்பொடியும் சேர்த்துச் சொல்லப்படுவதை வாசித்துப் பாருங்கள், புரியும்.

கோமேதகத்தையும் பாருங்கள். ஜோசியர் சொல்லும் கோமேதகம் ஆரஞ்சு நிறமுள்ள கார்னெட் கல். யாத்திராகமத்தில் அதே பெயர் நிற்கும் இடத்தில் ஆங்கில வேதாகமங்களில் பெரும்பாலும் ஓனிக்ஸ் என்று காண்கிறோம். மொழிபெயர்த்தவர்கள் நம் ஜனங்களுக்குத் தெரிந்த ரத்தினப் பெயர்களைக் கையாண்டார்கள். அதில் தவறில்லை. பெயர் ஒன்றாயிருப்பதால் கல்லும் ஒன்று என்று நினைப்பதுதான் சிக்கல். உண்மையில் ஆரோன் தரித்தவற்றில் பெரும்பாலானவை, இன்றைய கடைக்காரர் 'செமி பிரஷியஸ்' என்று இரண்டாம் தட்டில் வைக்கிற கற்களே.

சரி, கதைகளுக்கு வருவோம். அமெதுஸ்தோஸ் என்றால் கிரேக்கில் 'வெறியாதது' என்று அர்த்தம். இந்தக் கல்லைப் போட்டுக்கொண்டால் மதுபானம் தலைக்கேறாது என்று நம்பினார்கள். ரோமனாகிய பிளினி, கி.பி. 77-ஐ ஒட்டி எழுதின இயற்கை வரலாற்றில், இது மந்திரவாதிகளின் பொய் என்று அப்போதே எழுதிவிட்டார். அவர் விசுவாசியுமல்ல! திராட்சரச தேவன் ஒரு கன்னிகையைத் துரத்தினான், அவள் கல்லாய் மாறினாள், அதன்மேல் அவன் ரசத்தை ஊற்ற ஊதாவாயிற்று என்று ஒரு புராணமும் சொல்வார்கள். பூர்வ கிரேக்கக் கதை என்று அட்டையில் அச்சடித்துக் கல்லோடு கொடுக்கிறார்கள். அது 1576-ல் ரெமி பெல்லோ என்கிற பிரெஞ்சுக் கவிஞர் கட்டின கதை.

மாதக் கணக்கின் ஆரம்பம் யோசேபஸ் என்னும் யூத சரித்திரக்காரர். கி.பி. 93-ஐ ஒட்டி எழுதின புஸ்தகத்தில், மார்ப்பதக்கத்தின் பன்னிரண்டு கற்களைப் பன்னிரண்டு மாதங்களாகவோ, கிரேக்கர் சொல்லும் பன்னிரண்டு ராசிகளாகவோ எடுத்துக்கொள்ளலாம் என்றார். அது அவருடைய வியாக்கியானம். மோசே அப்படி எழுதவில்லை. கற்களின் வரிசையைக்கூட யோசேபஸ் தம் இரண்டு புஸ்தகங்களில் இரண்டு விதமாய்க் கொடுக்கிறார். பிறந்த மாதத்துக்கு ஒரு கல் என்று போடுகிற வழக்கம் வெகு காலத்துக்குப் பிறகு ஜெர்மனி, போலந்து பக்கம் பரவிற்று.

இன்று கடையில் தொங்குகிற பட்டியலோ 1912-ல் அமெரிக்க நகை வியாபாரிகளின் சங்கம் கான்சாஸ் நகரில் கூடித் தீர்மானித்தது. ஆம், வியாபாரிகள் கூடி! பிப்ரவரிக்குச் செவ்வந்திக்கல் என்றார்கள். 1952-ல் பட்டியலைத் திருத்தி, டிசம்பரிலிருந்து லாப்பிஸை எடுத்து சிர்கானை வைத்தார்கள். நவம்பருக்கு சிட்ரின் என்னும் மஞ்சள் கல்லையும் சேர்த்தார்கள். 2002-ல் டிசம்பருக்கு டான்சனைட் சேர்ந்தது. அந்தக் கல் டான்சானியாவில் 1967-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் டிசம்பரில் பிறந்தவர்கள் எல்லாரும் என்ன செய்தார்கள்?

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பல செவ்வந்திக் கற்களைச் சுமார் 450 டிகிரிக்குச் சூடாக்கினால் ஊதா போய் மஞ்சளாகிவிடும். கடையில் சிட்ரின் என்று விற்பதில் பெரும்பகுதி இப்படிச் சூளையில் வெந்த செவ்வந்திக் கல்தான். அடுப்பில் வைக்கும்போது அது பிப்ரவரிக் கல். இறக்கும்போது நவம்பர்க் கல்! கல்லுக்குள் ஒரு வல்லமை இருந்து அது மாதம் பார்த்து வேலை செய்யுமானால், சூளைக்காரர் கையில் அது எப்படி மாதம் மாறும்?

விலையும் அப்படித்தான். ஒரு காலத்தில் இது மாணிக்கத்துக்கு நிகராய் மதிக்கப்பட்டது. 19-ம் நூற்றாண்டில் பிரேசிலிலும் உருகுவேயிலும் பழைய எரிமலைப் பாறைப் பொந்துகளில் குவியல் குவியலாய்க் கிடைத்தபின் விலை விழுந்தது.

அப்படியானால் மார்ப்பதக்கம் எதற்கு? யாத்திராகமம் 28:29 தெளிவாய்ச் சொல்கிறது. பரிசுத்த ஸ்தலத்தில் பிரவேசிக்கும்போது ஆரோன் இஸ்ரவேல் புத்திரரின் நாமங்களைத் தன் இருதயத்தின்மேல் சுமக்கவேண்டும். சுமந்தவன் ஒருவன், சுமக்கப்பட்டவர்கள் பன்னிரண்டு கோத்திரத்தாரும். ரூபன் கோத்திரத்தான் தன் கல்லைக் கழற்றித் தன் விரலில் போட்டுக்கொள்ள அங்கே வழியில்லை. இந்த மாதத்தில் பிறந்தவனுக்கு இந்தக் கல் என்று ஒரு வசனமாவது உண்டா? தேடிப் பாருங்கள்.

"ஏற்கெனவே வாங்கிப் போட்டுட்டோமே, என்ன செய்யறது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. சிலர் பயந்து ராத்திரியிலே கிணற்றில் போட்டுவிடுகிறார்கள். அதுவும் வேண்டாம். ஆசீர்வாதம் தரமுடியாத கல்லால் சாபமும் தரமுடியாது, அது படிகம். மோதிரத்தைக் கடையில் கொடுத்தால் பொதுவாகக் கல்லை நெம்பி எடுத்துவிட்டு, தங்கத்தை மட்டும் எடைபோட்டுப் பணம் தருவார்கள். அந்தப் பணத்தை வாங்கின கடனுக்குக் கட்டுங்கள்.