யோயோவும் கயிற்றின் முறுக்கும்

புதிதாக வாங்கிய யோயோ முதல் நாளில் நன்றாக ஆடும். சில நாள் கழிந்தபின், கீழே இறங்கிய யோயோ அங்கேயே சுழன்று நின்றுவிடும். எத்தனை முறை சுண்டினாலும் மேலே வாராது. சில வேளைகளில் இதற்கு மாறாக, இறங்கியவுடனே திரும்பி வந்து விரல்களில் மோதும். "இது எனக்குக் கைவராது" என்று எண்ணி அதனை மூலையில் போட்டுவிடுவோர் பலர். உண்மையில் பிழை பெரும்பாலும் கையில் இல்லை, கயிற்றில் உள்ளது.

யோயோ மிகப் பழைய விளையாட்டுப் பொருள். பண்டைய கிரேக்கக் கலமொன்றில் சிறுவன் ஒருவன் அதனை ஆடும் ஓவியம் காணப்படுகிறது. எனினும் இன்று நாம் ஆடும் யோயோ பிலிப்பைன்ஸ் தீவுகளின் வழியாக உலகெங்கும் பரவியது. அந்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பெத்ரோ புளோரஸ் என்பவர், 1928ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் யோயோக்களைச் செய்து விற்கத் தொடங்கினார். அவருடைய தாய்நாட்டு விளையாட்டு, குடியேறிய நாட்டுப் பிள்ளைகளின் விளையாட்டும் ஆயிற்று.

அந்த யோயோவில் ஒரு சிறப்பு இருந்தது. அதன் கயிறு நடு அச்சில் முடிச்சிட்டுக் கட்டப்படவில்லை, கண்ணியாக மாட்டப்பட்டிருந்தது. முடிச்சிட்டால் யோயோ இறங்கியவுடன் ஏறிவிடும். கண்ணியாக மாட்டினால், கயிற்றின் நுனியில் நின்று சுழலும். இதனை 'உறங்குதல்' என்பர். உறங்கும் யோயோவை மெல்லச் சுண்டினால், கயிறு அச்சைப் பற்றிக்கொள்ளும். யோயோ மேலே ஏறும்.

யோயோக் கயிறு, புரிகளை முறுக்கிச் செய்யப்படுவது. யோயோ நேராக இறங்காமல் சாய்ந்து சுழலும்போதெல்லாம் அம்முறுக்கு சிறிது ஏறும் அல்லது இறங்கும். முறுக்கு மிகுந்தால் கண்ணி இறுகி அச்சை நெரிக்கும், யோயோ உறங்காது. முறுக்கு குறைந்தால் கண்ணி அகலும். யோயோ உறங்கும், ஆனால் எழாது.

முறுக்கின் அளவை அறிவது எளிது. கயிற்றின் ஒரு முனை விரலில் இருக்க, மறு கையால் யோயோவை விரலின் உயரத்திற்குத் தூக்கவேண்டும். நடுவே தொங்கும் கயிறு ஊஞ்சல் போல் வளைந்து நின்றால் முறுக்கு சரியாக உள்ளது. இரு பக்கமும் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொண்டால் முறுக்கு மிகுந்துள்ளது. புரிகள் தனித்தனியே பிரிந்து தெரிந்தால் முறுக்கு குறைந்துள்ளது.

முறுக்கு மிகுந்தபோது, யோயோவைக் கயிற்றின் நுனியில் தொங்கவிடவேண்டும். அது தானே சுழன்று மிகுதியான முறுக்கை அவிழ்க்கும். குறைந்தபோது, தொங்கும் யோயோவைப் புரிகள் நெருங்கும் திசையில் விரல்களால் திருப்பவேண்டும்.

ஆடியபடியே முறுக்கைச் சரிசெய்யவும் வழி உண்டு. அதற்குப் 'பறக்கும் தட்டு' என்று பெயர். யோயோவைப் பக்கவாட்டில் சாய்த்து எறிந்து, அதற்குச் சற்று மேலே கயிற்றை மறு கையின் விரலால் தூக்கினால், யோயோ தட்டுப் போலப் படுத்துச் சுழலும். அச்சுழற்சி கயிற்றையும் சுழற்றும். ஒரு பக்கம் சாய்த்தெறிந்தால் முறுக்கு ஏறும். மறுபக்கம் சாய்த்தெறிந்தால் இறங்கும். எந்தப் பக்கம் எதற்கு உரியது என்பதைக் கயிற்றை உற்றுநோக்கியே அறிந்துகொள்ளலாம்.

மிக இறுகினால் உறக்கம் இல்லை. மிகத் தளர்ந்தால் திரும்புதல் இல்லை. ஆட்டம் தடைப்படும்போது யோயோவை வீசி எறிபவர் ஆட்டத்தை இழக்கிறார். கயிற்றைப் பார்ப்பவரோ மீண்டும் ஆடுகிறார்.

அருஞ்சொற்பொருள்
புரி – முறுக்கிய இழை
கண்ணி – கயிற்றின் வளையம்
கைவருதல் – பழகித் தேர்தல்
நெரித்தல் – இறுக்கி அழுத்துதல்

பயிற்சி
1. யோயோ 'உறங்குதல்' என்றால் என்ன?
2. கயிற்றில் முறுக்கு மிகுந்திருப்பதை எவ்வாறு அறியலாம்?
3. எதிர்ச்சொல் எழுதுக: இறுகுதல், ஏறுதல், மிகுதல்.
4. உங்கள் பெற்றோர் சிறுவயதில் ஆடிய விளையாட்டு ஒன்றைக் கேட்டறிந்து, அதனை ஆடும் முறையை ஐந்து தொடர்களில் எழுதுக.