ஒலி மாற்றத்தில் ஓர் ஒழுங்கு

என் அறைத்தோழர் கன்னடியர். அவர் பாலை ‘ஹாலு’ என்றபோது, “நல்ல தமிழ்ச் சொல்லைக் கெடுத்துவிட்டீர்களே!” என்று நகைத்தேன். அந்நகைப்புத் தவறென்று உணர்த்தியது, மாலை வகுப்பில் நான் பயிலும் உருசிய மொழி.

உருசிய நாட்டில் நோவ்கோரோட் என்றொரு நகரம் உண்டு. வோல்கோகிராட் என்று மற்றொன்றும் உண்டு. ‘கோரோட்’, ‘கிராட்’ இரண்டிற்கும் நகரம் என்பதே பொருள். இவற்றுள் எது எதன் சிதைவு?

சிலாவிய மொழிகளை மூன்று கிளைகளாகப் பகுப்பர். கிழக்கே உருசியம், உக்ரேனியம் முதலியன. தெற்கே பல்கேரியம், செர்பியம் முதலியன. மேற்கே போலிஷ், செக் முதலியன. பொன்னை உருசியர் ‘ஸோலோட்டோ’ என்பர். பல்கேரியர் ‘ஸ்லாட்டோ’ என்பர். போலந்தினர் ‘ஸ்லோட்டோ’ என்று எழுதுவர். அவர்தம் நாணயமாகிய ‘ஸ்லோட்டி’ இச்சொல்லின் வழியே வந்தது. தலையைக் குறிக்கும் சொற்களும் அவ்வாறே: கோலோவா, கிலாவா, கிலோவா.

இங்கு ஒரு விதி தெரிகிறதன்றோ? மூலமொழியில் இவை ‘ஸோல்-டோ’, ‘கோல்-வா’, ‘கோர்-ட்’ என்பன போல் இருந்தன என்று அறிஞர் ஒப்பிட்டு உய்த்துணர்ந்தனர். லகர ரகரங்களின் இருபுறமும் உருசியம் உயிரொலியை வைத்தது. தெற்குக் கிளை அதனைப் பின்னே தள்ளி ஆகாரமாக்கியது. போலிஷ் பின்னே தள்ளி ஓகாரமாகவே வைத்தது. ஆகவே கோரோட்டும் கிராட்டும் ஒருதாய் மக்கள், சிதைவுகள் அல்ல.

தெற்கத்திய ‘கிராட்’ உருசியாவிற்கு வந்தது எங்ஙனம்? 863-இல் மொராவியாவிற்குச் சென்ற சிரில், மெத்தோடியஸ் எனும் உடன்பிறந்தார் சமய நூல்களைத் தெற்குச் சிலாவியத்தில் பெயர்த்தனர். 988-இல் கீவ் அரசு கிறித்தவம் தழுவியபின், அந்த ஏட்டுமொழி அங்கும் வேரூன்றியது. நோவ்கோரோட் மக்கள் வாய்மொழி. 1961-இல் சூட்டப்பட்ட வோல்கோகிராட் என்னும் பெயரில் இருப்பதோ ஏட்டுவழி வந்த உருவம்.

இப்போது நம் வீட்டிற்கு வருவோம். பால்–ஹாலு, பல்–ஹல்லு, பத்து–ஹத்து. பகரம் ஹகரமாதல் கன்னடத்தின் விதி. இங்கே பழைய ஒலியைக் காத்தது தமிழ். ஆனால் நம் ‘செவி’ அவர்க்குக் ‘கிவி’. நம் ‘செம்மை’ அவர்க்குக் ‘கெம்பு’. இவற்றில் ககரமே பழையது. காத்தவர் அவர், மாறியவர் நாம்!

ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவீட்டைக் கொண்டு முடிவு கூறத் துணியாத நான், மொழியில் ஒரே சொல்லைக் கொண்டு தீர்ப்புக் கூறிவிட்டேன். அன்றிரவே தோழரிடம் இதனை ஒப்புக்கொண்டேன். பன்மொழியினர் கூடி வாழும் இவ்வளாகத்தில், நண்பர்களே, சிதைவு என்று சொல்லுமுன் பத்துச் சொற்களையேனும் வரிசைப்படுத்திப் பாருங்கள்.