மறதி நோயுற்ற முதியோர்க்கு இல்லம் தேர்தல்

இங்கிலாந்தில் வாழும் நம் பழைய மாணவருட் சிலர், மறதி நோயுற்ற பெற்றோரைப் பராமரிப்பு இல்லத்திற் சேர்க்க வேண்டிய நிலையை எய்தியுள்ளனர். ஆங்கு 2009 முதல் இயங்கும் பராமரிப்புத் தர ஆணைக்குழு பாதுகாப்பு, பயன், பரிவு, தேவையறிந்துதவல், நிருவாகம் என்னும் ஐந்தையும் ஆராய்ந்து, நான்கு தரங்களுள் ஒன்றை இல்லத்துக்கு வழங்குகின்றது. அறிக்கையை வாசிப்போர் அதன் திகதியையும் நோக்குதல் வேண்டும். நிருவாகி மாறின் இல்லமும் மாறிவிடக்கூடும்.

எனினும், நேரிற் காண்பதே பெரிதென்போம். முன்னறிவித்தலின்றி உணவு வேளையிற் செல்க. தாமே உண்ண இயலாதார்க்குப் பொறுமையோடு ஊட்டுவோர் உளரா? இரவிற் கடமையிலிருப்போர் எத்தனை பேர்? பணியாளர் அடிக்கடி மாறுவரேல், முகங்களை நம்பி வாழும் நோயாளர் கலங்குவர். பகலெல்லாம் நாற்காலியில் உறங்குவோர் பலராயின், கொடுக்கப்படும் மருந்துகளைப் பற்றி வினவுதல் கடன். உளப்பிணி மருந்துகள் சில, இந்நோயுற்ற முதியோரின் இறப்பு அபாயத்தைக் கூட்டுமென அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2005இல் எச்சரித்துள்ளது.

மொழியோ நமக்கே உரிய இடர். பின்னாளிற் கற்ற ஆங்கிலம் முன்னே நழுவ, தாய்மொழியே எஞ்சுதல் பலரிடம் காணப்படும். தமிழறிந்த பணியாளர் ஒருவரேனும் உளரா? இல்லையேல், 'தண்ணீர்', 'நோகுது' முதலிய சொற்களைப் பொருளுடன் எழுதிக் கட்டிலருகே தொங்கவிட இசைவரா? இதனைச் சேர்க்கு முன்னரே கேட்டறிதல் வேண்டும்.